பிறந்த வீடு கடலூர், வாழ்க்கைப்பட்டது பாண்டி: குடும்ப வன்முறை மனுவை எங்கே கொடுப்பது?

கடலூருக்கும் பாண்டிக்கும் ஒரு பஸ் தூரம்தான். ஆனால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. அங்கே கட்டிக்கொடுத்த பெண் மாசமாக இருக்கும்போது அடிபட்டு இங்கே தாய்வீட்டுக்கு வந்துவிட்டால், "அது பாண்டி கேஸ், அங்கேயே போய்ப் பாரும்மா" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அது தப்பு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 27ஆம் பிரிவில், அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊரிலேயே நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம் என்கிறது. கடலூரில் வாங்கிய உத்தரவு பாண்டியிலும் செல்லும்.

அதற்கும் முன்னால் ஆஸ்பத்திரி. வயிற்றில் அடி விழுந்தால் கரு கலையலாம், நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தப்போக்கு வரலாம், குறைமாதத்தில் பிறக்கலாம். "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டா" என்று பக்கத்தில் நின்று மாமியார் சொல்வார், பெண் தலையாட்டுவாள். தனியாக ஒரு நிமிஷம் கிடைத்தால் டாக்டரிடமோ நர்ஸிடமோ உண்மையைச் சொல்லிவிடுங்கள். போலீஸ் புகார் இல்லை என்று சிகிச்சையை மறுக்கக் கூடாது. நடந்த வன்முறையைப் பதிவு செய்கிற குடும்ப நிகழ்வு அறிக்கை அதுவரை எழுதப்படவில்லை என்றால் ஆஸ்பத்திரியே எழுதி, இந்தச் சட்டத்தின்கீழ் அரசு நியமித்திருக்கிற பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும், மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைப் பெண்ணுக்கு இலவசமாகத் தர வேண்டும். அந்த நகலைக் கேட்டு வாங்குங்கள், பின்னால் அதுதான் பேசும்.

அடி மட்டும்தான் வன்முறை என்று நினைக்காதீர்கள். பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை பெறவில்லை என்று குத்திக்காட்டுவதையே சட்டம் பெயர் சொல்லி வன்முறை என்கிறது (நம் ஊரில் அதை யார் குற்றமாக நினைக்கிறார்கள்?). பலவந்தமான உறவும் அதில் அடங்கும். கர்ப்பிணிக்குத் தமிழக அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணத்தைப் பிடுங்கிக்கொள்வது பொருளாதார வன்முறை.

அப்புறம், கர்ப்பம் வேண்டாம் என்றால்? கருக்கலைப்புக்கு, 18 வயது முடிந்த பெண் என்றால் அவள் கையெழுத்து மட்டும் போதும், கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். பாலியல் வன்முறையால் உண்டான கர்ப்பத்தை இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் 24 வாரம் வரை கலைக்கலாம், கணவரே பலவந்தம் செய்திருந்தாலும் இது பொருந்தும், எஃப்.ஐ.ஆர். தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று சொல்லியிருக்கிறது. நாளைக் கடத்தினால் வழி குறுகும். அவள் சம்மதமில்லாமல் கருவைக் கலைக்க வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 89ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை உண்டு. வீட்டில் கருத்தடைக்கு விடமாட்டேன் என்கிறார்களா? அரசு மருத்துவமனையில் அந்தரா என்ற கருத்தடை ஊசி இலவசம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, வீட்டில் மாத்திரை அட்டையை ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

மனுவில் என்ன கேட்கலாம்? அடிக்காமலிருக்க உத்தரவு, அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமை, மருத்துவச் செலவு, நஷ்டஈடு. மனு கிடைத்த மூன்று நாளைக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும், முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு, நடைமுறையில் இழுக்கும், அதனால் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். இரவில் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தால் பெண்கள் உதவி எண் 181க்கு அடியுங்கள்.