பாலத்தில் சைக்கிளுக்கு எத்தனை அடி?

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு ஊராட்சிச் சாலை. தார் போட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வழியில் ஒரு பாசன வாய்க்கால், அதன் மேல் பழைய சின்னப் பாலம். காலை எட்டரை மணி இருக்கும். விலையில்லா சைக்கிளில் பிளஸ் 1 படிக்கும் பிள்ளை ஒருத்தி பாலத்தை நெருங்கும்போது பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஒதுங்கப் பார்த்தாள். தார் முடிகிற இடத்துக்கும் பக்கத்து மண்ணுக்கும் அரை அடி பள்ளம். முன்சக்கரம் இறங்கியதும் சைக்கிளோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டாள். காயம் எதுவும் இல்லை. புத்தகப் பை மட்டும் வாய்க்காலில் விழுந்தது. நான் இறங்கி எடுத்துக் கொடுத்தேன். நனைந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பாலத்துச் சுவரில் விரித்து வைத்தவள், "ரெக்கார்டு நோட்டு சார்" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

அன்று நான் அங்கே நின்றது அடுத்த சாலை வேலைக்கு அளவெடுக்க. இருபது வருடத்துக்கு மேலாக டெல்டாவில் உள்ளாட்சிச் சாலைகளுக்கு எஸ்டிமேட் தயாரிக்கும் சிவில் இன்ஜினியர் நான். அந்த அரை அடிப் பள்ளம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாலைக்குக் கணக்கெடுக்கும் படிவத்தில் லாரி, பஸ், கார், டூவீலர் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. சைக்கிளுக்கும் உண்டு. நடந்து போகிறவருக்குக் கிடையாது. தாரின் தடிமனை முடிவு செய்ய 3 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளை மட்டும்தான் எடுப்போம். தடிமனுக்கு அது சரி. ஆனால் ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும்போதும் அதே தாளைத்தான் பார்க்கிறோம். நடவுக்குப் போகும் பெண்கள், ரேஷன் கடைக்குப் போகும் பெரியவர், பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகள் யாரும் அந்தத் தாளில் இல்லை.

விதி மோசமில்லை. சமவெளியில் ஊர்ச் சாலைக்கு 3.75 மீட்டர் தார் போட்டால், இரண்டு பக்க மண் ஓரமும் சேர்த்து மொத்தம் 7.5 மீட்டர் இருக்க வேண்டும். வண்டி குறைந்த சாலைக்கு 6 மீட்டர். அப்படியென்றால் பக்கத்துக்கு ஆறடி வரை ஓரம் கிடைக்கும். சைக்கிள் இறங்கி ஏற, இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்க அது தாராளம். களத்தில் அந்த ஆறடி எங்கே போகிறது? வரப்பு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வருகிறது, வாய்க்கால் கரையை அரிக்கிறது, மின்கம்பம் நடுகிறார்கள், வைக்கோல் போர் ஏறுகிறது. தாளடி, சம்பா அறுவடையில் தாரின் மேலேயே நெல் காய்கிறது. நெல் காயவைப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஊருக்கு நல்ல களம் கட்டிக் கொடுக்காமல் ரோட்டை விட்டுப் போ என்றால் அவர் எங்கே போவார்?

பள்ளம் விழுவதற்குப் பெரிய காரணம் வேறு. ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத் தார் ஏறுகிறது. நகரங்களில் வீடுகள் தாழ்ந்து போகாமல் இருக்க, பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவுறுத்தியது. ஊர்ச் சாலையில் சுரண்டுவது அபூர்வம். அப்படி ஏறினால், ஏறிய அளவுக்கு ஓரத்திலும் கிராவல் கொட்டித் தண்ணீர் தெளித்து உருளை ஓட்ட வேண்டும். மொத்த வேலையில் இதன் செலவு சின்னது. ஆனால் பணம் பற்றாக்குறை என்றதும் எஸ்டிமேட்டில் முதலில் அடிபடும் வரி இதுதான். நானே அடித்திருக்கிறேன். ஐப்பசி மழையில் நம் வண்டல் மண் வழுக்கும்போது அந்த ஒரு வரியின் விலை தெரியும்.

அப்புறம் பாலங்கள். டெல்டாவில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு வாய்க்கால். சாலையை அகலப்படுத்திவிட்டுப் பாலத்தைப் பழையபடி விட்டுவிடுகிறோம். பஸ்ஸின் அகலமே 2.5 மீட்டர். உங்கள் ஊர்ப் பாலத்தின் அகலத்தில் அது போக மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு நாலடி நீட்டினாலே போதும். குழாய்ப் பாலமாக இருந்தால் குழாயைக் கூட்டிப் போடுவதுதான் வேலை.

நகரத்துக் கதை வேறு மாதிரி. அங்கே நடைபாதை கட்டுகிறோம், ஆனால் மக்கள் ரோட்டில் நடக்கிறார்கள். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பேரூராட்சியில் நான் வரைந்த நடைபாதை தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் உயரம். பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா அதைப் பார்த்தார், முழங்காலைத் தடவிக்கொண்டார், ரோட்டிலேயே நடந்து போனார். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிமுறை 103 உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமும் வேண்டும் என்கிறது. டிரான்ஸ்பார்மரும் கடைப் படிக்கட்டும் போக மிஞ்சும் அகலம்தான் கணக்கு. அந்த அம்மா படியேற முடியாமல் போனது என் வரைபடத்தின் தவறு.

2028-ல் கும்பகோணத்தில் மகாமகம். 1992-ல் குளக்கரையில் நெரிசலில் உயிர்கள் போனதை நம் பக்கத்துக் குடும்பங்கள் இன்னும் மறக்கவில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்துதான் குளத்துக்குப் போவார்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி நோக்கி நடக்கிறவர்களும் அப்படித்தான், இரவில் லாரிகளுக்குப் பக்கத்திலேயே நடக்கிறார்கள். இந்த வழிகளில் ஓரம் போடுவதும் விளக்கு வைப்பதும் திருவிழாச் செலவில் சேராது. மற்ற 350 நாளும் அந்தந்த ஊர்க்காரர்கள்தான் அதில் நடப்பார்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. நடைபாதை, வாழும் உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 198ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்புத் தரத்தை மீறியதால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அமைப்பு, ஒப்பந்ததாரர், ஆலோசகர் மீது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விழலாம். ஆலோசகர் என்றால் என்னைப் போன்றவர்கள்.

ஒரு விஷயம் மட்டும் கவனமாகக் கேளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது பாலத்தைத் தொட முடியாது. வழக்கப்படி மேட்டூர் அணை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறக்கும். அந்த இடைவெளியில்தான் வேலை நடக்க வேண்டும். அதற்குள் அனுமதி, டெண்டர் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மே 1 கிராம சபையில் கேட்டால் அந்த வருடம் போய்விட்டது. அக்டோபர் 2, நவம்பர் 1 சபைகளில் கேளுங்கள். போவதற்கு முன் பாலத்தின் அகலத்தையும் தார் விளிம்பின் பள்ளத்தையும் டேப் வைத்து அளந்து, பள்ளி விடும் நேரத்தில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். "ரோடு போடுங்கள்" என்று மனு கொடுத்தால் தார் மட்டும்தான் வரும். "பாலத்தை இருபுறமும் நாலடி நீட்டி, ஓரத்துக்குக் கிராவல் போட்டு" என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த வரி தீர்மானத்தில் இருந்தால், எஸ்டிமேட்டில் என்னால் அதை அடிக்க முடியாது.