கிழமைக்கு ஒருக்கா காற்றுத் திறக்கும் வீடுகளுக்கு

போன சனிக்கிழமை லண்டன் ஹரோவில் ஒரு வீட்டுக்கு ஹீற்றிங் திருத்தப் போனேன். வரவேற்பறையில் ஒரு அம்மா, கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் ரேடியேற்றரின் (சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புத் தகடு) மேல் வைத்தபடி நின்றார். "தம்பி, மேல தொட்டாச் சுடுது. ஆனா அறை ஏறுதில்லை" என்றார். மகன் என்னைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்தத் தண்ணீரைச் சூடாக்கும் பொயிலரைக் காட்டினார். "ரேடியேற்றருக்குள்ள நிக்கிற காத்தெல்லாம் நான் திறந்து எடுத்துட்டன் அண்ணை. ஒக்ரோபர்ல இருந்து ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறன், எடுக்க எடுக்க வருது. பிரஷரும் இறங்கிடும். குழாய்த் தண்ணி விட்டுத் திரும்ப ஏத்திவிடுவன்."

பொறுப்பான பிள்ளை. வீடியோ பார்த்து, ஒவ்வொரு படியையும் கவனமாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் அந்தக் கவனத்தாலேயே, கிழமைக்குக் கிழமை, வீட்டு ஹீற்றிங்கை உள்ளே இருந்து துருப்பிடிக்க வைத்திருக்கிறார். இந்தக் குளிர்காலத்தில் இதே கதையோடு நான் பார்த்த மூன்றாவது வீடு இது. அதனால்தான் எழுதுகிறேன்.

காற்று என்பது தூசி மாதிரி, தானாக வந்து சேரும், நாம் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். இல்லை. கொம்பி பொயிலர் (குளிக்கிற தண்ணீரையும் ஹீற்றிங் தண்ணீரையும் ஒரே பெட்டி சூடாக்குவது) உள்ள வீட்டில் ஹீற்றிங் ஒரு மூடிய சுற்று. குளிக்கிற தண்ணீர் வேறு, ரேடியேற்றருக்குள் ஓடுகிற தண்ணீர் வேறு. உள்ளே நிரப்பிய அதே தண்ணீர்தான் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. இறுக்கி மூடிய போத்தலுக்குள் ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகக் காற்று வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா?

பெரும்பாலும் அது நீங்கள் ஏற்றிவிடும் தண்ணீரோடுதான் வருகிறது. உலை வைக்கும்போது கொதிக்க முன்பே பானைச் சுவரில் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டுமே, அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று. குழாய்த் தண்ணீர் எல்லாவற்றிலும் அது உண்டு. புதிதாக நிரப்பிய ஹீற்றிங்கில் முதல் ஒன்றிரண்டு கிழமை ரேடியேற்றர்கள் களகளவென்று சத்தம் போடுவதும், இரண்டு மூன்று முறை காற்றுத் திறக்க வேண்டிவருவதும் இயல்பு. அப்புறம் அது அடங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருடத்தில் ஒருமுறை, குளிர் தொடங்க முன் திறந்து பார்த்தால் போதும். அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் வீட்டில் வேறு வருத்தம் இருக்கிறது.

நீங்கள் ஏற்றிவிடும் தண்ணீரில் வரும் ஒட்சிசன் ரேடியேற்றரின் இரும்பை அரிக்கும். அரித்ததெல்லாம் கறுப்புச் சேறாக அடியில் படியும். அந்த அரிப்பின்போது ஐதரசன் வாயுவும் உண்டாகும். பிரஷர் அசையாமல் நிற்கிறது, தண்ணீரும் ஏற்றவில்லை, ஆனாலும் ஒரே ரேடியேற்றரின் தலையில் திரும்பத் திரும்ப வாயு சேருகிறது என்றால், நீங்கள் திறந்துவிடுவது பெரும்பாலும் காற்று அல்ல, ஐதரசன். அது எரியும். சில பழைய ஆட்கள் நெருப்புக்குச்சி காட்டிச் சோதிப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். காற்றுத் திறக்கும்போது பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம்.

ஹரோ வீட்டுக்கு வருகிறேன். காலையில் பிரஷர் 0.4 பார். குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 1.5 வரை நிற்க வேண்டியது. 1.2க்கு ஏற்றி, ஹீற்றிங்கைப் போட்டு அரை மணி நேரம் பார்த்தேன். முள் ஏறி ஏறி 3க்குப் பக்கத்தில் போனது. வெளியே போய்ப் பார்த்தேன். பொயிலர் இருக்கும் சுவரில் ஒரு சின்னச் செப்புக் குழாய் கீழே வளைந்து நிற்கும். அதன் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, செங்கல்லில் பச்சைக் கறை பிடித்திருந்தது. ஐந்து மாதமாக அவர்கள் ஏற்றிய தண்ணீர் எல்லாம் போன வழி அதுதான்.

100 லீற்றர் தண்ணீர் குளிர்ந்த நிலையிலிருந்து 70 பாகைக்குச் சூடானால் இரண்டு லீற்றருக்கு மேல் கூடும். அந்தக் கூடுதலை வாங்கிக்கொள்ளத்தான் பொயிலருக்குள் விரிவுக் கலன் ஒன்று இருக்கிறது. நடுவில் ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைத்த காற்று. சைக்கிள் டயரில் இருப்பது போன்ற வால்வு அதிலும் உண்டு. அந்த வால்வின் ஊசியை அழுத்தினேன். காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் வந்தது. சவ்வு கிழிந்துவிட்டது. கூடும் தண்ணீருக்குப் போக இடமில்லை, 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே கொட்டுகிறது, ஆறினதும் பிரஷர் விழுகிறது, மகன் ஏற்றுகிறார். இந்தச் சக்கரத்தில் காற்று என்பது நோயின் அடையாளம் மட்டும்தான்.

இவர்களுக்கு முதலில் வந்து பார்த்த ஒருவர் பொயிலரையே மாற்ற வேண்டும் என்று விலை எழுதிக் கொடுத்திருந்தார். விரிவுக் கலனையும் பாதுகாப்பு வால்வையும் மாற்றினேன். பொயிலர் நன்றாகவே இருக்கிறது.

ஆனால் அம்மா குளிரில் நின்றதற்குக் காரணம் அது கூட இல்லை. "மேல சுடுது" என்று அவர் சொன்னதை மகன் காதில் வாங்கியிருந்தால் ஐந்து மாதமும் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டார். காற்று மேலே நிற்கும். காற்று இருந்தால் தலை குளிர்ந்து கால் சுடும். தலை சுட்டு, அடிப்பாகம், அதுவும் நடுவில், குளிர்ந்து கிடந்தால் அது சேறு. ரேடியேற்றரைக் கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தோம். வந்தது மை. அதில் கொஞ்சத்தை ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்து, அடியில் காந்தத்தைப் பிடித்தேன். சேறு மயிர் மயிராக எழுந்து நின்றது. "இது எங்கட ரேடியேற்றரா?" என்று கேட்டார் மகன். ஆம், உங்கள் ரேடியேற்றரின் இரும்புதான்.

ஆகவே காற்று வால்வைத் திறக்கும் திறப்பைக் (சாவியை) கையில் எடுக்க முன் தொட்டுப் பாருங்கள். ஒரு ரேடியேற்றர் மட்டும் முழுக்கக் குளிர்ந்திருந்தால், பெரும்பாலும் அதன் தேர்மோஸ்டாட் வால்வின் (அறைச் சூட்டுக்கு ஏற்பத் தானாகத் திறந்து மூடுவது) ஊசி இறங்கியபடி சிக்கியிருக்கும். கோடை முழுக்க மூடிவைத்தால் அப்படித்தான் ஆகும். அந்த வால்வின் தலையைக் கழற்றி, ஊசியைத் தட்டையான கட்டையால் மெதுவாக அழுத்தி விடுங்கள், தானாக மேலே வரும். குறடு போட்டு இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்து, கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி, புதுக் கார்ப்பெற் பாழான வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன்.

பொயிலருக்குக் கிட்ட உள்ளவை கொதித்து, தூரத்தில் உள்ளவை வெதுவெதுப்பாகவே நின்றால் அது சமநிலைப் பிரச்சினை. தண்ணீர் சோம்பேறி, குறுக்கு வழியில்தான் திரும்பும். ரேடியேற்றரின் மறுமுனையில் மூடி போட்ட வால்வு ஒன்று இருக்கிறது. கிட்ட உள்ளவற்றில் அதைக் குறுக்கி, தூரத்தில் உள்ளதை முழுக்கத் திறந்துவிட வேண்டும். வர்ணம் பூச ரேடியேற்றரைக் கழற்றுபவர்கள் அந்த வால்வை மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைக்க வேண்டும். யாரும் எழுதுவதில்லை. திரும்பப் பூட்டும்போது முழுக்கத் திறந்துவிட்டுப் போகிறார்கள், அடுத்த நாள் பின்னறை குளிர்கிறது.

லொஃப்ட்டில், அதாவது கூரைக்கடியில், ஹீற்றிங்குக்குத் தண்ணீர் கொடுக்கும் சின்னத் தொட்டி உள்ள பழைய வீடுகளுக்கு நோய்கள் வேறு. மேல்மாடி முழுக்கக் குளிர்ந்து கீழே மட்டும் சுட்டால், முதலில் ஏணி வைத்து அந்தத் தொட்டியைப் பாருங்கள். மிதவை வருடக்கணக்கில் அசையாமல் இறுகி, தொட்டி காய்ந்து கிடக்கும். அதன் மேல் வளைந்து நிற்கும் குழாயிலிருந்து ஹீற்றிங் ஓடும்போது தண்ணீர் கொட்டினால், சுற்று ஒவ்வொரு நிமிடமும் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. பம்பின் வேகத்தை 3இல் வைத்தால் நன்றாகச் சுடும் என்று யாரோ திருகிவிட்டிருக்கலாம், அல்லது தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் சேற்றால் அடைத்திருக்கலாம். அது சுற்றோடு சேரும் இடத்தில் செப்புக் குழாயில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். செப்பில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்புச் சேறு.

சரி, காற்றுத்தான் என்று உறுதியானால்: ஹீற்றிங்கை நிறுத்தி, ஆறவிடுங்கள். பம்ப் ஓடும்போது திறந்தால் சில வீடுகளில் காற்றை உள்ளே இழுக்கும், கொதிநீர் கையையும் சுடும். பழைய துவாயைப் பிடித்து, திறப்பைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். ஸ் சத்தம் நின்று தண்ணீர் வந்ததும் மூடுங்கள். கீழ்மாடி முதலில், மேல்மாடி பிறகு. பிரஷரைப் பார்த்து, தேவையானால் 1.2க்கு ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு, தண்ணீர் ஏற்றப் பூட்டிய வெள்ளிப் பின்னல் குழாயைக் கழற்றி வையுங்கள். குடிதண்ணீர்க் குழாயோடு அதை நிரந்தரமாக இணைத்து வைப்பது விதிக்கு மாறானது. ஹரோவில் அது ஒக்ரோபரிலிருந்து பூட்டியபடியே கிடந்தது.

சுற்றை வடித்து நிரப்பும் யாரும் துருத்தடுப்பு மருந்து ஊற்றாமல் போக விடாதீர்கள். ஒரு போத்தல் சாதாரண வீட்டுக்குப் போதும். வருடத்தில் ஒருமுறை அதன் அளவைப் பார்க்கச் சொல்கிறது ஹீற்றிங் தண்ணீருக்கான 2019ஆம் ஆண்டு பிரித்தானியத் தரம், பொயிலருக்கு முன்னால் வடிகட்டி பூட்டச் சொல்வதும் அதுவே. லீக்கை அடைக்கும் திரவத்தை வாங்கி ஊற்றவே வேண்டாம். கிழிந்த சவ்வை அது ஒட்டாது.

பொயிலரின் மூடியைக் கழற்ற வேண்டிய எந்த வேலையையும் நீங்கள் தொடாதீர்கள், தெரிந்த பையன் செய்வான் என்றும் கூப்பிடாதீர்கள். காஸ் வேலைக்குப் பதிவு பெற்றவர்களிடம் இருக்கும் காஸ் சேஃப் அட்டையைக் கேளுங்கள், பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும். நானும் காட்டித்தான் உள்ளே வருகிறேன்.

ஈஸ்ற்ஹாமிலும் வெம்ப்ளியிலும் அறை பகிர்ந்து வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். குளிருக்குக் காஸ் அடுப்பை எரியவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்காதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. ஹீற்றிங்கைத் திருத்தித் தருவது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை என்று 1985ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டமே சொல்கிறது. கேட்கப் பயப்படாதீர்கள். வாயால் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள்.

யாரைக் கூப்பிடுவதாக இருந்தாலும், அதற்கு முன் போனில் இரண்டு படம் எடுத்து வையுங்கள். காலையில் ஹீற்றிங் போட முன் பிரஷர் முள் நிற்கும் இடம் ஒன்று, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு இன்னொன்று. வருகிறவர் சுவரோரச் செப்புக் குழாயையும் பார்க்காமல், இந்த இரண்டு படத்தையும் பார்க்காமல் பொயிலரை மாற்றச் சொன்னால், இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.