15 ஆண்டுகளைத் தாண்டிய ஜீப்: பதிவுப் புதுப்பிப்பு விதிகளும் பராமரிப்புச் செலவும்

பதினைந்து ஆண்டுகள் முடிந்துவிட்டால் ஜீப்பைக் காயலான் கடைக்குத்தான் தள்ள வேண்டும் என்ற பேச்சு, 2021-ஆம் ஆண்டு வாகனக் கழிவுக் கொள்கை அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து பரவலாக உலவுகிறது. இந்த அச்சத்தில், நல்ல நிலையில் இருந்த நான்கு சக்கர இயக்க வண்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு வருந்துவோர் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி, சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனத்தின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின், வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று ஆய்வில் உறுதியானால், ஐந்தைந்து ஆண்டுகளாக அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். இத்தனை முறைதான் புதுப்பிக்கலாம் என்ற உச்சவரம்பு எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. 15 ஆண்டு கடந்ததற்காகவே நாடு முழுவதும் பதிவுப் புதுப்பிப்பு மறுக்கப்படுபவை அரசுத் துறைகளுக்குச் சொந்தமான வாகனங்களே; அந்த விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

தலைநகர் தில்லியும் அதைச் சுற்றிய பகுதியும் இதற்கு விலக்கு. அங்கே 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-இலும் அது குறித்து மேலும் உத்தரவுகள் வந்துள்ளன. அந்தப் பகுதிக்கான தடையைச் செய்தியில் பார்த்துவிட்டு, அதை நாடு முழுமைக்குமான சட்டமாக எடுத்துக்கொண்டதே குழப்பத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். 2010-இல் அறிமுகமான முதல் தலைமுறை மஹிந்திரா தார் வண்டிகளில் தொடக்க கால வண்டிகள் 2025-இல் 15 ஆண்டு எல்லையை எட்டிவிட்டன, மாருதி ஜிப்ஸி, மஹிந்திரா எம்.எம். 540 போன்றவற்றில் பெரும்பாலானவை எப்போதோ தாண்டிவிட்டன. ஆகவே விதியைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இப்போது அதிகம்.

முதலில் கட்டணம். ஜீப், கார் போன்ற இலகு ரக மோட்டார் வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாய் ஆனது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்த காருக்கு 40,000 ரூபாய். 2025 ஆகஸ்ட்டில் வெளியான திருத்தத்தின்படி, 20 ஆண்டு கடந்த இலகு ரக வாகனத்துக்கு 10,000 ரூபாயும், இறக்குமதி செய்த நான்கு சக்கர வாகனத்துக்கு 80,000 ரூபாயும் கட்ட வேண்டும், ஜி.எஸ்.டி. தனி. ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துப் பார்த்தால், 20 ஆண்டு கடந்த ஜீப்புக்கும் ஆண்டுக்கு 2,000 ரூபாய்தான் ஆகிறது. இதற்கு மேல், மாநில அரசுகள் வசூலிக்கும் பசுமை வரியும் சாலை வரியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

உண்மையில் கையைக் கடிப்பது தாமதக் கட்டணம். பதிவு காலாவதியான பிறகு புதுப்பிக்கும் இலகு ரக வாகனத்துக்கு, தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதலாகச் செலுத்த வேண்டும். வண்டி ஷெட்டில்தானே நிற்கிறது, ஓட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று ஆண்டுகள் விட்டுவிட்டவர், 36 மாதங்களுக்கு 18,000 ரூபாயைக் கட்டணத்துக்கு மேல் கட்ட நேரிடும். காலாவதியான பதிவுடன் சாலையில் ஓட்டினால் அது பதிவு இல்லாத வண்டிக்குச் சமம். முதல் முறை பிடிபட்டால் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. காலாவதி நாளுக்கு 60 நாட்கள் முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. அந்த 60 நாட்களையும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. ஏனென்றால், ஆய்வில் குறை சொல்லித் திருப்பி அனுப்பினால், பழைய வண்டிக்கு உதிரிபாகம் தேடிப் பொருத்துவதற்கே மூன்று வாரம் போய்விடும்.

விண்ணப்பத்துடன் பதிவுச் சான்று, செல்லுபடியாகும் காப்பீடு, புகைச் சான்று, வரி கட்டிய விவரம் ஆகியவற்றோடு சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண்ணின் பென்சில் அச்சையும் கேட்பார்கள். சிறிய வேலை போலத் தெரியும் இதுதான் பல விண்ணப்பங்களை நிறுத்திவைக்கிறது. எங்கள் வீட்டு ஜீப்புக்கு முதல் முறை புதுப்பித்தபோது, முன் சக்கரத்துக்குப் பின்னால் சேஸிஸில் பொறித்திருந்த எண்ணை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் தேய்த்ததில், ஓரிலக்கம் 3 என்றும் 8 என்றும் படிக்கும்படி வந்தது. ஆண்டுக்கணக்கில் அப்பிய சேறு அந்த இடத்தைத் துருவாக அரித்திருந்தது. மென்மையான கம்பி பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்த்த பிறகே எண் தெளிந்தது. அவசரப்பட்டுக் கிரைண்டரை வைத்திருந்தால் எண்ணே அழிந்து, வண்டியின் அடையாளம் சந்தேகத்துக்கு உள்ளாகியிருக்கும். மழைக்காலத்துக்கு முன் ஆண்டுக்கு ஒரு முறை அந்த இடத்தைத் துடைத்துக் கிரீஸ் தடவி வைப்பவருக்கு இந்தத் தொல்லையே வராது.

மோட்டார் வாகன ஆய்வாளர் முதன்மையாகப் பார்ப்பது பிரேக், ஸ்டியரிங், விளக்குகள், ஹாரன், வைப்பர், டயர், சைலன்ஸர், புகை ஆகியவற்றை. கரடுமுரடான பாதைகளில் ஓடிய வண்டி இவற்றுள் ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும்தான் அதிகம் தோற்கிறது. கிங்பின் (முன் சக்கரம் திரும்புவதற்கான முளை) தேய்ந்தாலோ, ஸ்டியரிங் இணைப்புகளின் பந்து மூட்டுகள் தளர்ந்தாலோ, ஸ்டியரிங்கில் ஆட்டம் வந்துவிடும். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் வீட்டிலேயே தெரியும். டிரம் பிரேக்குக்குள் சேறும் நீரும் புகுந்தால் வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். இவை எவையும் ஆய்வுக்காக மட்டும் சரிசெய்ய வேண்டியவை அல்ல. மலைப்பாதை இறக்கத்தில் உயிரைக் காப்பவை இவைதான்.

சேஸிஸ் துரு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு. அடியில் கறுப்புப் பூச்சு அடித்து மறைத்த வண்டியைப் பழையதாக வாங்கும்போது, ஒரு சிறிய சுத்தியலால் சேஸிஸை நீளவாக்கில் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியான இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்துப்போன இடத்தில் ஒலி மழுங்கிவிடும். பழைய ஜீப்பில் மின்னணுக் கருவிகள் குறைவு என்பதால் வழியில் நின்றாலும் எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்க முடியும் என்பது உண்மை. ஆனால் ரப்பர் புஷ், ஆயில் சீல், பிரேக் ஹோஸ் போன்றவை ஓடிய தூரத்தால் மட்டுமல்ல, வயதாலும் கெடுகின்றன. ஆகவே நிறுத்தியே வைத்திருக்கும் ஜீப், வாரம் ஒரு முறையாவது ஓடும் ஜீப்பைவிட அதிகம் காலை வாருகிறது. என்ஜின், கியர் பாக்ஸ் ஆகியவற்றோடு என்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும், சக்கர அச்சுகளின் முன், பின் இரண்டு ஹவுசிங்குகளுக்கும் தனித்தனியே ஆயில் தேவை என்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆற்றில் இறக்கி ஓட்டிய பிறகு ஹவுசிங் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள்; அப்படியே விட்டால் பேரிங்கும் பல்சக்கரங்களும் சேர்ந்து போகும்.

புகைச் சான்றைப் பொறுத்தவரை, பாரத் ஸ்டேஜ் 4 தரத்துக்கு முந்தைய வண்டிகளுக்கு அது ஆறு மாதமே செல்லும். அதற்குப் பிந்தையவற்றுக்கு ஓராண்டு. அந்தப் பழைய டீசல் வண்டிகளுக்கான புகை அடர்த்தி வரம்பு மீட்டருக்கு 2.45. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, இன்ஜெக்டரைச் சோதித்து, என்ஜினை நன்றாகச் சூடேற்றிய பிறகு சோதனைக்குக் கொண்டுபோனால், ஒழுங்காகப் பராமரித்த டீசல் என்ஜின் இதில் தேறிவிடும். வரம்பை மீறிய வண்டியை ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம்.

ஜீப் உரிமையாளர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. மூடிய கூரையை வெட்டித் திறந்த ஜீப்பாக்குவது, வேறு வகை என்ஜினை இறக்குவது, சேஸிஸை நீட்டுவது ஆகியவை இதற்குள் வரும். அனுமதியின்றி மாற்றிய உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு வழிசெய்கிறது. பழுதான என்ஜினை மாற்றியிருந்தால், 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றில் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்துக்கும் புதுப்பிக்கும் நாளில் பதில் சொல்பவர் தற்போதைய உரிமையாளரே என்பதால், வாங்கும் முன் என்ஜின் எண்ணைச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 முதல் 1500 சி.சி. வரையான தனியார் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய், 1500 சி.சி.க்கு மேல் 7,897 ரூபாய். அதாவது 1298 சி.சி. ஜிப்ஸிக்குக் கட்டுவதைப் போல 2500 சி.சி. டீசல் ஜீப்புக்கு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மடங்குக்கு மேல் கட்ட வேண்டும். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டில், ஐந்து ஆண்டு கடந்த வண்டியின் மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். 10 ஆண்டு கடந்த வண்டியில் மாற்றும் உலோகப் பாகங்களின் விலையில் பாதியைத் தேய்மானமாகக் கழித்துவிடுவதும் வழக்கம்.

50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் இருக்கும் ஜீப்புக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. தொன்மை வாகனமாகப் பதிய 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அடுத்த புதுப்பிப்புக்கு 5,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட விரும்புவோர் வழக்கமான புதுப்பிப்பிலேயே இருப்பதுதான் பொருத்தம்.

செலவு கட்டுப்படியாகாமல் வண்டியைக் கைவிடுவதானால், பதிவு பெற்ற கழிவு மையத்தில் ஒப்படைத்து வைப்புச் சான்று பெறுங்கள். அதைக் காட்டி வாங்கும் புதிய சொந்த வாகனத்துக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. மாநில அரசு மோட்டார் வாகன வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரவும் விதி இடமளிக்கிறது. சாதாரணப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டால் இந்தச் சலுகைகள் கிடைக்காது என்பதோடு, பதிவேட்டில் வண்டி உங்கள் பெயரிலேயே நீடிக்கும். அதன் எண் வேறொரு வண்டியில் ஏறினால் விசாரணை முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.