அதிரசம்: பாகுக்கும் மாவுக்கும் நடுவே ஒரு தண்ணீர்க் கணக்கு

தீபாவளியை ஒட்டி வரும் கேதார கௌரி நோன்புக்கு 21 அதிரசம் படைக்கும் வீடுகளில், முதல் அதிரசத்தை எண்ணெயில் விடும்போது எல்லோர் கண்ணும் வாணலியில்தான் இருக்கும். உருக்குலையாமல் மேலே எழும்பினால் நிம்மதி. ஓரமெல்லாம் நுரைத்துப் பிரிந்து, எண்ணெய் முழுக்கத் துகளாய் மிதந்தால், "பாகு தப்பிப் போச்சு" என்ற பேச்சு உடனே வந்துவிடும். ஆனால் பல நேரம் தப்பு பாகில் இல்லை, மாவின் ஈரத்தில் இருக்கிறது.

ஒரு கிலோ மாவுப் பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது பழகிய அளவு. வெல்லத்தில் ஈரமும் தாதுக்களும் போக ஏறத்தாழ 700 கிராம் சர்க்கரைகள் இருக்கும். அந்தச் சர்க்கரையோடு பாகில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சுகிறது என்பதைத்தான் பதம் என்கிறோம். பாகு கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிறது, சர்க்கரையின் செறிவு கூடுகிறது, கொதிநிலையும் ஏறுகிறது. கம்பிப் பதம் 106 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடங்கும்; அப்போது பாகில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். 112 முதல் 116 டிகிரிக்குள் உருட்டுப் பதம்; தண்ணீர் 15 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். கடலை மிட்டாய்க்கு வேண்டிய உடையும் பதத்தில், 146 டிகிரிக்கு மேல், தண்ணீர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

அதிரசத்துக்கு வேண்டியது உருட்டுப் பதத்தின் தொடக்கம். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் கூட்டினால் கரையாமல் திரண்டு வர வேண்டும். அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும். கிண்ணத்தில் தட்டினால் 'டங்' என்று சத்தம் கேட்டால் பாகு முற்றிவிட்டது. வீட்டில் தெர்மாமீட்டர் இருந்தாலும் இந்தத் தண்ணீர்ச் சோதனையை விட வேண்டாம். வெல்லத்துக்கு வெல்லம் சேர்மானம் மாறுவதால், ஒரே சூட்டில் இரண்டு பாகுகள் வெவ்வேறு பதம் காட்டலாம்.

700 கிராம் சர்க்கரைக்கு உருட்டுப் பதத்தில் மிஞ்சும் தண்ணீர் சுமார் 125 மில்லி. கம்பிப் பதத்திலேயே இறக்கிவிட்டால் 175 மில்லி. வித்தியாசம் 50 மில்லிதான். இதற்காகத்தான் அடுப்படியில் அத்தனை பதற்றம்.

இப்போது அரிசிக்கு வருவோம். காய்ந்த அரிசியிலேயே 12, 13 சதவீதம் ஈரம் உண்டு. இரண்டு மணி நேரம் ஊறினால் ஒரு கிலோ அரிசி மேற்கொண்டு கால் லிட்டருக்கும் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். ஆக, ஈர அரிசிக்குள் இருக்கும் தண்ணீர் பாகில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. அந்த அரிசியை மின்விசிறிக்கு அடியில் பரப்பிவிட்டு மறந்துபோனால் 100 மில்லி சுலபமாகப் பறந்துவிடும். பாகில் 50 மில்லிக்குக் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்துவிட்டு, அரிசியில் அதைப் போல இரண்டு மடங்கை நாம் கவனிப்பதே இல்லை.

தண்ணீரை நன்றாக வடித்து, நிழலில் பருத்தித் துணி மேல் பரப்பி, 20 முதல் 30 நிமிடம். அரிசியைக் கையில் அள்ளிவிட்டால் உள்ளங்கையில் சில மணிகள் ஒட்ட வேண்டும், கை நனையக் கூடாது. அரைத்துச் சலித்த மாவைப் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். வெயிலில் காயவைக்கவே கூடாது.

கடையில் வாங்கும் உலர் அரிசி மாவு ஏன் சரிப்படுவதில்லை என்பதற்கும் இங்கேதான் விடை. காய்ந்த அரிசி கடினமானது. அரைக்கும்போது சூடேறி, மாவுச்சத்துத் துகள்கள் உடைந்து சிதைகின்றன. ஊறிய அரிசி இளகியிருப்பதால் மாவு நைஸாக வருகிறது, துகள்களும் அவ்வளவாகச் சேதமாவதில்லை. உலர் மாவைப் பாகில் கொட்டினால் சிதைந்த துகள்கள் பாகின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பாகு உடனே இறுகும். புழுங்கல் அரிசியும் ஆகாது. அதன் மாவுச்சத்து ஏற்கெனவே ஒருமுறை வெந்து இறுகியது, மறுபடி அதே மாதிரி ஒட்டிக்கொள்ளாது.

பாகை இறக்கியதும் சூட்டோடு மாவைத் தூவிக் கிளற வேண்டும். பாகு 110 டிகிரிக்கு மேல் இருக்கிறது. அரிசியின் மாவுச்சத்துக்குத் தண்ணீரில் வேக 65 முதல் 75 டிகிரி போதும். ஆனாலும் எல்லாம் வெந்து களியாகிவிடுவதில்லை. ஈர மாவு சூட்டை இழுத்துக்கொள்ள, கலவை சட்டென்று 60 டிகிரி வாக்கில் வந்து நிற்கும். முதலில் பாகைத் தொடும் துகள்களின் மேற்பரப்பு மட்டும் கொஞ்சம் வெந்து பசையாகிறது. மற்ற துகள்களைப் பிடித்துவைப்பது அந்தப் பசைதான். பாகை ஆறவிட்டு மாவு போட்டால் இந்தப் பிடிப்பு கிடைக்காது.

இன்னொன்றும் நடக்கிறது. சர்க்கரை தண்ணீரைத் தன்னோடு கட்டிவைத்துக்கொள்வதால் மாவுச்சத்துக்குக் கிடைக்கும் தண்ணீர் குறைகிறது. அதனால் மாவு வேகத் தேவைப்படும் சூடும் பல டிகிரி மேலே போகிறது. அதே அரிசி மாவைக் கொழுக்கட்டைக்கு வெறும் வெந்நீரில் கிளறினால் சவ்வு போல் இழுபடும். அதிரசம் வாயில் போட்டதும் உதிர்ந்து கரையும். ஒன்றில் மாவு முழுக்க வேகிறது, மற்றதில் சர்க்கரை அரைகுறையாகவே வேகவிடுகிறது. அதிரசத்தின் சுவையே அந்த அரைகுறையில் இருக்கிறது.

மாவை மொத்தமாகக் கொட்டாமல் இரண்டு கைப்பிடி நிறுத்திவையுங்கள். கிளறி முடித்ததும் கலவை கரண்டியிலிருந்து கனத்து விழும் அளவுக்கு இளக்கமாகத்தான் இருக்க வேண்டும், ஆறினால் தானே இறுகும். ஏலக்காய், சுக்குப் பொடி சேர்த்து, மேலே நெய் தடவி, பாத்திரத்தின் வாயில் துணியால் வேடு கட்டி ஒரு நாளாவது வைக்க வேண்டும். இரண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. பாகின் தண்ணீரும் மாவின் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வர நேரம் ஆகும். சர்க்கரை துகள்களின் இடுக்கெல்லாம் பரவும், காய்ந்த இடம் நனையும், ஈரமான இடம் விட்டுக்கொடுக்கும். அன்றே சுட்டால் மேலே பாகும் உள்ளே பச்சை மாவுமாக இருக்கும். கைபடாமல் எடுத்தால் இந்த மாவு பல நாள் தாங்கும். இவ்வளவு சர்க்கரையில் பாக்டீரியா எளிதில் பெருகாது. பூஞ்சை மட்டும் பிழைத்துக்கொள்ளும். ஈரக் கரண்டி போட்டால் மேலே பூத்துவிடும்.

சுடுவதற்கு முன் வாழையிலையில் ஒன்றைத் தட்டிப் பாருங்கள். ஓரம் வெடித்தால் ஈரம் போதவில்லை. இதுவும் எண்ணெயில் உதிரும், ஆனால் மணல் போல உதிரும். வெதுவெதுப்பான பால் இரண்டு கரண்டி தெளித்து, மூடி, சில மணி நேரம் கழித்துப் பிசைந்தால் சரியாகும். தட்டும்போதே இலையில் படர்ந்து, எண்ணெயில் நுரைத்து வலை போல விரிந்தால் ஈரம் அதிகம்: நீர்த்த பாகால் துகள்களைப் பிடிக்க முடியவில்லை, பொங்கும் ஆவி அவற்றைப் பிய்த்தெடுக்கிறது. இதற்கு நிறுத்திவைத்த மாவைச் சேர்த்து இன்னொரு இரவு விட வேண்டும். அவசரத்துக்கு மாவை அடுப்பில் ஏற்றிக் கிளறினால் அது களியாகிவிடும், மீட்க முடியாது.

வெல்லத்துக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரை போட்டால் ஓரம் மொறுமொறுப்பாகி, ஆறியதும் நறநறவென்று கடிபடும். வெல்லத்தில் சுக்ரோஸ் என்னும் சாதாரணச் சர்க்கரையோடு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்திருக்கின்றன. வடிவம் வேறான இந்த மூலக்கூறுகள் நடுவில் புகுந்து சுக்ரோஸ் படிகமாக அடுக்குவதைத் தடுக்கின்றன. அவை மிதமிஞ்சினாலும் தொல்லைதான், பாகு திரளாமல் கொழகொழவென்றே நிற்கும். மளிகைக் கடையில் 'பாகு வெல்லம்' என்று தனியாகக் கேட்டு வாங்குவது நியாயமான வழக்கம்.

எண்ணெய் 150 முதல் 160 டிகிரி போதும். ஒரு கிள்ளு மாவைப் போட்டால் அடியில் போய், நிதானமாக மேலே வர வேண்டும். அதற்கு மேல் சூடானால் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் அரிசியின் புரதத்தோடு வினைபுரிந்து நொடியில் கறுக்கும், உள்ளே வேகாது. அரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல் தடிமன், ஒருமுறை திருப்பல், இளஞ்சிவப்பு வந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் நிறம் கொஞ்சம் ஏறும்.

எடுத்த அந்த நொடியிலேயே இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் அழுத்துங்கள். எண்ணெய்க்குள் இருக்கும்வரை அதிரசத்திலிருந்து ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போக முடியாது. வெளியே எடுத்ததும் ஆவி குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைந்து, மேலே ஒட்டிய எண்ணெயை அதிரசம் உறிஞ்சத் தொடங்குகிறது. தட்டில் வைத்து ஆறியபின் பிழிந்தால் வருவது கொஞ்சம்தான்.

கொங்குப் பக்கம் கச்சாயம், யாழ்ப்பாணத்தில் அரியதரம், ஆந்திராவில் அரிசெலு, மராட்டியத்தில் அனர்சா. பெயரும் மேலே தூவும் எள்ளும் கசகசாவும் மாறலாம், ஊறிய அரிசியின் ஈரத்தை எல்லா இடத்திலும் கையால் பிடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். நன்றாக ஆறியபின் டப்பாவில் அடுக்குங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்க்கும் தண்ணீர் அதிரசத்தின் மேல் சொட்டும். எத்தனை நாள் தாங்க வேண்டிய பண்டமானாலும், சொட்டு விழுந்த அந்த இடத்தில்தான் முதல் பூஞ்சை வரும்.