அமானுஷ்ய மர்மத் திரில்லர்: சொல்லும் பொருளும்

பேய் வரும் படம்; அது ஏன் வருகிறது என்று ஒருவர் தேடும் படம்; தேடுகிறவரோடு நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு போகும் படம். மூன்றும் ஒன்றாக அமைந்தால், ஆங்கிலத்தின் 'சூப்பர்நேச்சுரல் மிஸ்டரி திரில்லர்' என்பதற்கு ஈடாக 'அமானுஷ்ய மர்மத் திரில்லர்' என்று எழுதிவிடுகிறோம். இந்த மூன்று சொற்களும் பார்க்க வருகிறவருக்கு மூன்று வெவ்வேறு வாக்குகளைக் கொடுக்கின்றன. இவ்வகைப் படங்களுக்கு வரும் விமர்சனங்கள் பல நேரம் இரண்டாகப் பிளந்து கிடப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அமானுஷ்யம் வடமொழிச் சொல். மனிதத் தன்மையைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் 'அ' என்ற எதிர்மறை எழுத்து சேர்ந்தது. மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் ஆளரவமே இல்லாத இடத்தைச் சொல்லும்போதும் 'அமானுஷ்யமான அமைதி' என்கிறோம். அங்கே பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆள் இல்லை, அவ்வளவுதான். இந்த இரண்டாவது பொருள் எனக்கு மிகவும் பிடித்தது. நல்ல பேய்ப் படம் எடுக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. ஒருவர் அறையை விட்டுப் போன பிறகும் கேமரா அந்த வெற்று அறையிலேயே நான்கு நொடி கூடுதலாக நிற்கும். திரையில் எதுவும் நடக்காது. நமக்கோ உள்ளங்கை வியர்த்துவிடும்.

அமானுஷ்யத்துக்குக் கலைச்சொல்லாக 'மீயியற்கை' இருக்கிறது. பிழையில்லாத சொல், பாடப்புத்தகத்துக்குப் பொருந்தும். ஆனால் அதில் அச்சம் இல்லை. அச்சத்தோடு சேர்ந்த தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் 'அணங்கு' என்பதைத்தான் சொல்வேன். அணங்கு என்றால் வருத்தும் தெய்வம், தீண்டி வாட்டும் ஆற்றல், அந்த வருத்தம், எல்லாமும்தான். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்று அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறது. இறை என்பது அரசன் போல அதிகாரம் உடையவர். அணங்கால் வருவது பேய்ப் படம், விலங்கால் வருவது மிருகங்கள் துரத்தும் படம், கள்வரால் வருவது குற்றப் படம், இறையால் வருவது அரசியல் படம். இன்றைய திரில்லர் வகைகள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஈரடிக்குள் அடங்கிவிடுவதைப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

சரி, மர்மத்துக்கு வருவோம். இதுவும் வடமொழி வழி வந்ததே. முதற்பொருள் உடம்பில் அடிபட்டால் உயிர்போகும் இடம். வர்மக்கலையில் வரும் 'வர்மம்' இதனோடு உறவுள்ள சொல். உயிர்நிலையை வெளியே காட்டக்கூடாது என்பதால் அதுவே இரகசியம் என்ற பொருளுக்கும் நகர்ந்திருக்க வேண்டும். 'திரில்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேரோ துளைத்தல். பழைய ஆங்கிலத்தில் துளையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது அது. மூக்குத்துளைக்கான 'நாஸ்ட்ரில்' என்ற சொல்லின் பின்பாதியும் அதே துளைதான். ஆக, ஒரு சொல் அம்பு தைக்கும் இடத்தைச் சொல்கிறது, மற்றது தைப்பதைச் சொல்கிறது. எங்கெங்கோ பிறந்த இரண்டும் ஒரு சுவரொட்டியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இனி விமர்சனம். மர்மம் என்று சொல்லிவிட்டால் கடைசியில் விடை தர வேண்டும். அமானுஷ்யம் என்று சொல்லிவிட்டால் விடைக்கு அடங்காத ஏதோ ஒன்று மிஞ்ச வேண்டும். ஒன்று மற்றதைத் தின்னும். எல்லாம் சொத்துக்காக மாமா போட்ட நாடகம் என்று முடித்தால் பேயை நம்பி வந்தவர் ஏமாந்தோம் என்பார். எல்லாம் பேய் செய்த வேலை என்று முடித்தால், துப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தவர் இதற்கா இவ்வளவு கணக்குப் போட்டேன் என்பார். 'முதல் பாதி அருமை, இரண்டாம் பாதி சொதப்பல்' என்ற தீர்ப்பு இந்த வகைக்கு அடிக்கடி விழுவது இதனால்தான். இலக்கிய ஆய்வாளர் ட்ஸ்வெட்டான் டொடொரோவ் 1970இல் வெளியிட்ட நூலில், இயற்கையா இயற்கை கடந்ததா என்று முடிவு செய்ய முடியாமல் தயங்கும் நிலையே இத்தகைய கதையின் உயிர் என்றார். தயக்கம் தீர்ந்ததும் கதை வேறு வகையாகிவிடுகிறது. 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல் மாலும்என் நெஞ்சு' என்ற குறளில், இவள் அணங்கோ, மயிலோ, பெண்ணோ என்று நெஞ்சு மயங்குவதும் அந்தத் தயக்கமே. அங்கே அது காதலுக்கு உதவுகிறது.

இரண்டு வாக்கையும் ஒரே விடையில் காப்பாற்றிய படங்கள் குறைவு. 1999இல் வந்த 'தி சிக்ஸ்த் சென்ஸ்' அதில் ஒன்று. பேய் உண்டு என்பதைப் படம் நடுவிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அதனால் 'பேயா, இல்லையா' என்ற கேள்வி அப்போதே முடிந்துபோக, உண்மையான புதிர் நாம் கவனிக்காத வேறோர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 

அப்புறம், இவ்வகைப் படத்துக்குத் தமிழில் எந்தப் பெயரை எழுதுவது? 'திகில் படம்' என்பது ஹாரருக்குத்தான் பொருந்தும், திரில்லருக்கு அல்ல. திரில்லரில் பேயே வராமலும் இருக்கலாம். உடம்பு சிலிர்த்தால் போதும். அதனால் 'சிலிர்ப்புப் படம்' என்பதே நெருக்கமான சொல். முழுப் பெயரையும் தமிழில் தர வேண்டுமானால் 'அணங்கு மர்மப் படம்' என்று எழுதலாம். மர்மத்துக்குள்ளேயே சிலிர்ப்பு அடங்கிவிடுவதால் மூன்றாவது சொல் தேவைப்படாது. பழகிய சொல்லே வேண்டும், கிரந்த எழுத்து மட்டும் வேண்டாம் என்பவர்களுக்கு 'அமானுடம்' இருக்கிறது.