மாற்றுப் பொருள் கான்கிரீட்: வடசென்னையில் முதலில் உப்பைப் பாருங்கள்

எங்கள் சோதனைக்கூடத்துக்கு வருகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இதுதான்: கான்கிரீட்டில் சாம்பல் சேர்க்கலாமா, இடித்த கட்டடத்து ஜல்லியைத் திரும்பப் போடலாமா? முன்பு பெரிய கம்பெனிக்காரர்கள் மட்டும் கேட்பார்கள். இப்போது அரை கிரவுண்டில் வீடு கட்டுகிறவரும் கேட்கிறார். ஆற்று மணல் கிடைப்பது கஷ்டம், ஜல்லி விலை ஏறிக்கொண்டே போகிறது, சுற்றுச்சூழல் பற்றிய பேச்சும் காதில் விழுகிறது. கேட்பது நல்லதுதான். சேர்க்கவும் சேர்க்கலாம். ஆனால் எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு என்று கடலை ஒட்டிக் கட்டுகிறவருக்கும் உள்ளே தள்ளி மாதவரத்தில் கட்டுகிறவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்ல மாட்டேன். காரணம் கடல் உப்பு. அது கான்கிரீட்டுக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்.

முதலில் சாம்பல். நம் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், பக்கத்திலேயே வல்லூர். நிலக்கரி எரியும்போது புகையோடு பறக்கும் நுண்ணிய தூளை, புகைபோக்கிக்குப் போகும் முன்பே மின்புலத்தால் பிடித்து, உலர்வாகவே சேர்த்து வைக்கிறார்கள். கான்கிரீட்டுக்கு வேண்டிய ஃப்ளை ஆஷ் இதுதான். சிமெண்ட்டும் தண்ணீரும் சேரும்போது கொஞ்சம் சுண்ணாம்பு வெளியாகும். இந்தத் தூள் அதோடு நிதானமாக வினைபுரிந்து கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கிறது. துளை அடைபட்டால் உப்பு உள்ளே இறங்குவது குறையும். இரும்பாலைக் கசடை அரைத்துச் செய்யும் ஜிஜிபிஎஸ் பொடியும் இதே வேலையைச் செய்யும். ஆகவே கடலோரத்தில் இந்த இரண்டையும் சேர்ப்பது சிமெண்ட்டை மிச்சம் பிடிப்பதற்காக மட்டுமல்ல, கம்பியைக் காப்பாற்றவும்தான்.

சிக்கல் குளத்துச் சாம்பலில் இருக்கிறது. கொதிகலனின் அடியில் விழும் கரடான சாம்பலையும் மீதித் தூளையும் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள். அந்தக் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் உப்பங்கழியிலும் சாம்பல் படிந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். இதையும் சிலர் ‘ஃப்ளை ஆஷ்’ என்றே சொல்லி லாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

ஒரு கான்ட்ராக்டர் அப்படி ஒரு மூட்டையைக் கொண்டுவந்தார். சாம்பல் நிறம்தான். கொஞ்சம் எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தால் நறநறவென்றது, ஈரமும் இருந்தது. நல்ல ஃப்ளை ஆஷ் முகப்பவுடர் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். 45 மைக்ரான் சல்லடையில் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினோம். ஃப்ளை ஆஷுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 3812-இன்படி சல்லடையில் தங்குவது 34 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவருடையதில் பாதிக்கு மேல் அப்படியே தங்கிவிட்டது.

“சாம்பல் சாம்பல்தானே மேடம், எல்லாம் ஒரே கரிதானே எரியுது?” என்றார்.

“கரி ஒண்ணுதான் அண்ணே. இதுல பொடி கம்மி, கரடு ஜாஸ்தி. இது சிமெண்ட் வேலையைச் செய்யாது, மணல் மாதிரி சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கும்.”

சல்லடையோடு விட்டுவிடக் கூடாது. சுண்ணாம்போடு சேர்ந்து எவ்வளவு வலிமை தருகிறது என்று பார்க்கும் சோதனையில் சதுர மில்லிமீட்டருக்கு 4.5 நியூட்டனாவது வர வேண்டும். இன்னொன்று, எரியாமல் மிச்சமிருக்கும் கரி. சூளையில் வைத்துச் சுட்டால் குறையும் எடை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கரி அதிகமானால் அது கலவையை இளக்க ஊற்றும் ரசாயனமான அட்மிக்ஸ்சரை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் கலவை இளகாது. குளத்துச் சாம்பல் வீணான பொருள் என்று இதற்கு அர்த்தமில்லை. பள்ளம் நிரப்பலாம், செங்கல் போடலாம். ரூஃப் கான்கிரீட்டில் சிமெண்ட்டுக்குப் பதிலாகப் போடக் கூடாது, அவ்வளவுதான்.

சாம்பல் பற்றி இன்னும் ஒன்று. கடையில் வாங்கும் பிபிசி என்ற கலப்பு சிமெண்ட்டில் ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் வரை ஃப்ளை ஆஷ் இருக்கிறது. மூட்டையில் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருப்பார்கள், அதைப் படியுங்கள். அதன்மேல் சைட்டில் இன்னொரு பங்கு சாம்பலைக் கொட்டினால் கலவையில் பாதி சாம்பலாகிவிடும். சிமெண்ட்டிலிருந்து வரும் சுண்ணாம்பு அவ்வளவு சாம்பலுக்கும் போதாது.

சாம்பல் கலந்த கான்கிரீட் மெதுவாகத்தான் வலுவேறும். சோதனைக்காக வார்த்து வைத்த கான்கிரீட் கட்டியை, அதாவது க்யூப்பை, ஏழாம் நாள் உடைத்துப் பார்த்து, “என்ன மேடம், இவ்வளவு கம்மியா வருது” என்று பதறுகிறவர்கள் உண்டு. 28 நாள் பொறுங்கள், அதற்குப் பிறகும் அது ஏறிக்கொண்டிருக்கும். ஆனால் தண்ணீர் காட்டாமல் விட்டால் ஏறாது. கான்கிரீட்டுக்கான தரநூல் ஐ.எஸ். 456 சாதா சிமெண்ட்டுக்கு 7 நாளாவது ஈரம் காட்டச் சொல்கிறது, சாம்பல் அல்லது கசடு கலந்ததற்குக் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள். நம் சைட்களில் மூன்றாம் நாளே ஓஸைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். தாங்கி நிற்கும் முட்டுகளையும் சாதா சிமெண்ட்டுக்குக் கழற்றும் அதே நாளில் கழற்றுகிறார்கள். பழி கடைசியில் சாம்பல் மேல் விழுகிறது.

சரி, இடிபாட்டு ஜல்லிக்கு வருவோம். விஷயம் அதிகம் இருப்பது இங்கேதான்.

வடசென்னையில் இடிபடும் கட்டடங்கள் ஒரே மாதிரி இல்லை. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, ஜார்ஜ் டவுன் பக்கம் இடிப்பவை பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையும் செங்கல்லும் மர உத்தரமுமாகக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள். அவற்றில் சிமெண்ட் கான்கிரீட்டே கிடையாது. அரைத்தால் கிடைப்பது செங்கல் ஜல்லியும் சுண்ணாம்புத் தூளும்தான். இன்னொரு வகை, ஐம்பது வருடத்துக்கு முன் கட்டிய கான்கிரீட் அடுக்குக் குடியிருப்புகள். இவற்றில்தான் அரைத்து எடுக்கத் தக்க கான்கிரீட் இருக்கிறது. ஜல்லி, மணலுக்கான தரநூல் ஐ.எஸ். 383 (2016) இந்த இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. கான்கிரீட்டை மட்டும் அரைத்த ஜல்லியை எம்25 (28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை) அல்லது அதற்குக் கீழான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை போடலாம். கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை. செங்கல்லும் காரையும் கலந்தது அடித்தளத்தின் கீழே போடும், எம்15க்கும் கீழான பெட் கான்கிரீட்டோடு நிற்க வேண்டும். அதில் 100 சதவீதம்கூடப் போடலாம்.

மாநகராட்சியின் இடிபாட்டுக் கழிவு மறுசுழற்சி நிலையம் கொடுங்கையூரில் இருக்கிறது. அங்கே போல இயந்திரத்தில் பிரித்து, கழுவி, அளவு வாரியாகச் சலித்து வரும் ஜல்லி ஒரு ரகம். இடித்த இடத்திலேயே சுத்தியலால் உடைத்து, கண்பார்வையில் ‘நல்லது’ என்று ஒதுக்கியது இன்னொரு ரகம். இரண்டாவது வந்தால் நாங்கள் முதலில் எந்த இயந்திரத்தையும் தொடுவதில்லை. தரையில் தார்ப்பாய் விரித்து, பத்துக் கிலோவைக் கொட்டி, உட்கார்ந்து கையால் பொறுக்குகிறோம். கான்கிரீட் ஒட்டிய கருங்கல் ஒரு பக்கம், செங்கல் ஒரு பக்கம், பூச்சுக் காரை, டைல்ஸ் துண்டு, கண்ணாடி, மரச் சிராய் ஒவ்வொன்றும் தனித்தனியாக. வெள்ளைக் கட்டி ஏதாவது வந்தால் நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். மாவாக உதிர்ந்தால் பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம். அதிலிருக்கும் சல்பேட் இறுகிய கான்கிரீட்டுக்குள் வீங்கி வெடிக்க வைக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் எடை போட்டாலே முக்கால்வாசித் தீர்ப்பு தெரிந்துவிடும்.

அப்புறம் தண்ணீர். புது கருங்கல் ஜல்லி தன் எடையில் ஒரு சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. பழைய காரை ஒட்டிய ஜல்லி 5, 6 சதவீதம் சாதாரணமாகக் குடிக்கும். வாளித் தண்ணீரில் போட்டால் குமிழி கிளம்பிக்கொண்டே இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஜல்லி சுமார் 1,150 கிலோ. அதில் 20 சதவீதம் மறுசுழற்சி என்றால் 230 கிலோ. 6 சதவீதம் குடித்தால் கிட்டத்தட்ட 14 லிட்டர். காய்ந்த ஜல்லியை அப்படியே மிக்ஸரில் கொட்டினால் இந்த 14 லிட்டரும் கலவைத் தண்ணீரிலிருந்துதான் போகும். கலவை இறுகும். மேஸ்திரி ஓஸைத் திறப்பார். அவர் 14 லிட்டரோடு நிறுத்துவார் என்று நம்புகிறவர்கள் சைட்டுக்கு வந்ததில்லை என்று அர்த்தம். முந்தின நாளே ஜல்லியை ஊற வைத்து, மேலே ஈரம் வடிந்த பிறகு போடுங்கள். 10 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும் மறுசுழற்சி ஜல்லியையும் இப்படி ஊற வைத்தால் பயன்படுத்தலாம் என்று தரநூலே அனுமதிக்கிறது.

நம் பகுதியில் இத்தனையும் பார்த்த பிறகும் உப்பு பாக்கி இருக்கிறது. கம்பிக் கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு மொத்தக் குளோரைடு (உப்பில் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் பகுதி) 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி. 600 கிராம் என்றால், கடையில் விற்கும் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டில் இருக்கும் குளோரைடு. இரண்டரை டன் எடைக்குச் சற்றுக் குறைவான கான்கிரீட்டில் அவ்வளவுக்குத்தான் இடம். இப்போது கணக்குப் போடுங்கள். திருவொற்றியூர், மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. போர் தண்ணீரில் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைடு இருந்து, 180 லிட்டர் ஊற்றினால் 360 கிராம். கடலோரத்தில் ஐம்பது வருடம் நின்ற கட்டடத்தின் ஜல்லியில் 0.1 சதவீதம் இருந்தால், 230 கிலோவுக்கு இன்னொரு 230 கிராம். ஆயிற்று 590. சிமெண்ட்டிலும் எம்-சாண்டிலும் இருப்பதைச் சேர்க்கவே இல்லை. இந்தக் கான்கிரீட்டின் க்யூப்பை உடைத்தால் வலிமை நன்றாகத்தான் வரும். உப்பு க்யூப்பை ஒன்றும் செய்யாது, கம்பியைத்தான் தின்னும். சில வருடம் கழித்துக் கம்பி துருப்பிடித்து உப்பி, சீலிங் பொக்கை விழும்போதுதான் வெளியே தெரியும்.

அந்த 2,000 கணக்குக்காகச் சொன்னது. கம்பிக் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் அனுமதி 500தான். ஜல்லியை வடிநீரில் ஊற வைத்து, அந்தத் தண்ணீரில் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டும் சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டும் விட்டால், குளோரைடு இருந்தால் உடனே வெள்ளையாகத் திரியும். எவ்வளவு என்பதற்கு முறையான சோதனை வேண்டும், இருக்கிறதா என்று அறிய இது போதும்.

இதோடு இரண்டு தரநூல்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு முடிவு தானாக வருகிறது. கடற்காற்று நேராகப் படும் கம்பிக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. இடிபாட்டு ஜல்லியைக் கம்பிக் கான்கிரீட்டில் எம்25க்கு மேல் போடாதே என்கிறது ஐ.எஸ். 383. ஆக, எண்ணூர் நெடுஞ்சாலையில் கடலைப் பார்த்து நிற்கும் வீட்டின் தூணிலும் பால்கனியிலும் இந்த ஜல்லிக்கு இடமில்லை. அதே வீட்டில் சாம்பலோ ஜிஜிபிஎஸ்-ஸோ சேர்த்த எம்30 போட்டால் நல்லது. இடிபாட்டு ஜல்லியை அடித்தளத்தின் கீழ் வரும் பெட் கான்கிரீட்டுக்கு அனுப்புங்கள். கம்பியில்லாத இடத்தில் உப்பு அந்த அளவுக்குத் தொல்லை தராது. பேவர் பிளாக் போடுகிறவர்களும் வாங்கிக்கொள்வார்கள். வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம் என்று உள்ளே தள்ளியிருந்து, எம்25 போதும் என்று டிசைன் சொன்னால், மேற்சொன்ன சோதனைகளுக்குப் பிறகு 20 சதவீதம் போட நானே சிபாரிசு செய்வேன்.

உப்பு எவ்வளவு எளிதாக ஊடுருவும் என்பதற்கும் சோதனை உண்டு. கான்கிரீட் வட்டின் ஒரு பக்கம் உப்பு நீரை வைத்து, 60 வோல்ட்டில் ஆறு மணி நேரம் மின்சாரம் செலுத்தி, கடந்த மின்னூட்டத்தைக் கூலம்பில் அளப்பது. 4,000க்கு மேல் என்றால் மோசம், 2,000க்குக் கீழ் என்றால் நன்று. சாம்பல் கலவைக்கு இதை 28ஆம் நாளில் செய்வது அநியாயம், 56 அல்லது 90ஆம் நாளில் கேளுங்கள்.

கல்லூரி மாணவர்களும் வருகிறார்கள். தேங்காய்ச் சிரட்டை, டயர்த் துண்டு, கண்ணாடித் தூள், காசிமேட்டுக் கிளிஞ்சல் எல்லாம் வந்திருக்கின்றன. ஆர்வத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முக்கால்வாசிப் பேர் 28 நாள் க்யூப்போடு பிராஜெக்ட்டை முடித்துக்கொள்கிறார்கள். கண்ணாடித் துண்டு சிமெண்ட்டின் காரத்தோடு வினைபுரிந்து வீங்குவது வருடக்கணக்கில் நடக்கும் வேலை, அது அந்த க்யூப்பில் தெரியாது.

சாம்பிள் கொண்டுவருகிறவர்களுக்கு: சாம்பலை ஈரம் படாத கவரில் கட்டி ஐந்து கிலோ. ஜல்லியைக் குவியலின் மேலே, நடுவே, அடியே என்று பல இடத்தில் எடுத்து ஒரு மூட்டை. பொறுக்கிச் சுத்தம் செய்து கொண்டுவர வேண்டாம், அது எங்கள் வேலை. தண்ணீர் இரண்டு லிட்டர், புது கேனில், சைட்டில் கலவைக்கு ஊற்றும் அதே குழாயிலிருந்து. சிமெண்ட் மூட்டையில் அச்சடித்திருப்பதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த கிரேடு, கட்டடத்தில் எந்த இடம், கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டுங்கள். லோடு மாறினால் பழைய ரிப்போர்ட் அதற்குச் செல்லாது, புது சாம்பிள் வேண்டும்.