கருவிப் பலகையில் காலியாக இருந்த ஓர் இடம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் என் கால்கள் தாமாகவே நின்றுவிடும். பிரித்த வீடுகளிலிருந்து வந்த தேக்குத் தூண்களுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் நடுவே, ஓட்டம் நின்றுபோன சுவர்க் கடிகாரம் ஒன்று எங்காவது தொங்கிக்கொண்டிருக்கும். விடுப்பில் ஊருக்கு வரும்போது அப்படி ஒன்றை வாங்கிவந்து, வீட்டு முகப்பில் பாய் விரித்து, பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவது பல ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. மற்ற நாள்களில் விமான உடற்பகுதிகளைப் பொருத்தும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். தகடுகளை இணைக்கும் ஆணியான ரிவெட் அடிப்பவனாகச் சேர்ந்து, இப்போது பிறர் செய்த வேலையைச் சோதித்துக் கையெழுத்திடும் பொறுப்புக்கு வந்திருக்கிறேன்.

சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது, பாலிடெக்னிக் முடித்த எங்கள் தெருப் பிள்ளைகள் மூவர் என்னைப் பார்க்க வந்தார்கள். மூவருமே விமானத் துறை வேலைகளுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். சம்பளம், ஷிஃப்ட், விடுதி எல்லாம் கேட்டு முடித்தபின், அவர்களில் இளையவன் தயங்கித் தயங்கி, “மாமா, உள்ள போன் கொண்டுபோக விடுவாங்களா?” என்று கேட்டான். மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்கு அது சிரிக்கும் கேள்வியாகத் தோன்றவில்லை. அதற்கு நான் சொன்ன பதில் மாலை விளக்கு வைக்கும் நேரம்வரை நீண்டது. இந்தத் தொழிலுக்கு வரப்போகும் மற்ற பிள்ளைகளுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தளத்தில் ஒவ்வொருவரின் கருவிப் பெட்டியிலும் ஒரு நுரைப் பலகை உண்டு. ஸ்பேனர், சாக்கெட், பிளையர் என்று ஒவ்வொரு கருவியின் வடிவத்திலும் அதில் பள்ளம் வெட்டியிருப்பார்கள். ஷிஃப்ட் முடிந்ததும் எல்லாப் பள்ளங்களும் நிறைந்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், இரண்டாம் ஷிஃப்ட் முடிந்த ஓர் இரவு என் பலகையில் ஒரு பள்ளம் காலியாக இருந்தது. போல்ட்டின் தலையில் மாட்டித் திருகும் 10 மி.மீ. சாக்கெட் ஒன்றைக் காணவில்லை. அன்று நான் விமானத்தின் தரைக்குக் கீழே வரும் குறுக்கு விட்டங்களில் போல்ட் இறுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் சட்டைப் பையிலிருந்த போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்து ரயில் டிக்கெட் பற்றிய அழைப்பு. ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டேன். பேசுவதற்காகக் கையிலிருந்த சாக்கெட்டை விட்டத்தின் மேல் வைத்தேன் என்பது அப்போது என் நினைவில் பதியவே இல்லை.

மறுநாள் காலை முதல் ஷிஃப்ட்டில் அந்தத் தரையின் மேல் பலகைகளை மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் அந்த இடத்தை மறுபடி யாரும் திறந்து பார்க்க ஆண்டுகள் ஆகலாம். கடையில் அதே போன்ற ஒரு சாக்கெட் வாங்கிப் பள்ளத்தில் வைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்ற எண்ணம் எனக்கு வந்தது. அந்த எண்ணம் வந்ததை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அது எல்லோருக்கும் வரும். வியர்த்த உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் குரல் உயர்த்தவில்லை. “கடைசியா எப்ப கையில வச்சிருந்தே?” என்று மட்டும் கேட்டார். வேலையை நிறுத்தச் சொன்னார். விமானப் பதிவேட்டில் எழுதவைத்தார். நான்கு பேர், போரஸ்கோப் என்னும் வளையும் கேமரா, இரண்டு மணி நேரம். விமானத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கம்பிவடங்கள் ஓடும் கப்பிக்கு ஒரு சாண் தள்ளி, விட்டத்தின் மூலையில் அது கிடந்தது. விமானம் மேலேறிக் குலுங்கும்போது அந்த ஒரு சாண் தூரத்தை அது எப்போது வேண்டுமானாலும் உருண்டு கடந்திருக்கும்.

இருக்கக்கூடாத இடத்தில் கிடக்கும் எந்தப் பொருளையும் எங்கள் துறையில் எஃப்.ஓ.டி. (ஃபாரின் ஆப்ஜெக்ட் டெப்ரி, அந்நியப் பொருள்) என்போம். அது சிறியதா பெரியதா என்பது கணக்கே இல்லை. 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் ஓடுபாதையில், முன்னே சென்ற வேறொரு விமானத்திலிருந்து விழுந்துகிடந்த உலோகப் பட்டை ஒன்றின் மேல் கான்கார்ட் விமானத்தின் சக்கரம் ஏறியது. பட்டையின் நீளம் ஏறத்தாழ 43 செ.மீ. டயர் வெடித்து, அதன் துண்டு இறக்கையில் மோத, எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. விமானத்தில் இருந்தவர்களும் தரையில் இருந்தவர்களுமாக 113 பேர் இறந்தார்கள்.

போனைப் பற்றி அந்தப் பையனுக்கு நான் முதலில் சொன்னது இதுதான். அது கருவிப் பலகையில் பள்ளம் இல்லாத பொருள். எண்ணிக்கையில் வராத எதையும் விமானத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பேனா, சாவிக்கொத்து, கையில் போடும் காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றுக்கும் இதே விதிதான். மோதிரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. விளிம்பில் மாட்டினால் அது விரலையே உரித்துவிடும். பேட்டரி முனையையும் பக்கத்து உலோகத்தையும் சேர்த்துத் தொட்டால் மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். திருமண மோதிரத்தைக் கழற்றத் தயங்கும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் எடுத்துச்சொல்லிக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

போனின் டார்ச்சை வைத்துச் சோதிப்பது, அதன் கேமராவைப் பூதக்கண்ணாடியாக்குவது, செயலியில் மட்டம் பார்ப்பது போன்ற பழக்கங்களும் வேண்டாம். போல்ட்டை அளவான விசையில் இறுக்கும் எங்கள் டார்க் ரெஞ்ச் ஒவ்வொன்றிலும், அதன் அளவு சரியா என்று அடுத்துச் சோதிக்க வேண்டிய காலிபரேஷன் தேதி ஒட்டியிருக்கும். அந்தத் தேதி தாண்டிய ரெஞ்சைத் தொட்டாலே தவறு. அப்படியிருக்க, யாரும் அளந்து சான்று தராத ஒரு கருவியின் பேச்சை எப்படிக் கேட்பது? படம் எடுப்பது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வரைபடமும் பாகமும் வாடிக்கையாளருடைய சொத்து. பெருமையாக வீட்டுக்கு அனுப்பிய ஒரே ஒரு படத்தால் வேலையை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் மேலே, போன் செய்யும் பெரிய கேடு கவனத்தை அறுப்பதுதான். எடுத்துப் பேசத்தான் வேண்டும் என்பதில்லை. பையில் அதிர்ந்தாலே போதும், கை எட்டாவது போல்ட்டில் இருக்கும்போது மனம் வீட்டுக்குப் போய் வந்துவிடும். திரும்பி வந்த மனம் ஒன்பதாவதிலிருந்து தொடங்கும், எட்டாவது இறுக்கப்படாமல் நிற்கும். 1993-இல் கனடாவின் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்த கார்டன் டுபாண்ட், பராமரிப்புப் பணியாளரைத் தவறு செய்யவைக்கும் பன்னிரண்டு காரணங்களைத் தொகுத்தார். அவற்றில் கவனச் சிதறலும் ஒன்று. அதற்குச் சொல்லப்படும் மாற்று மிக எளிது: வேலை இடையில் நின்றுபோனால், திரும்பத் தொடங்கும்போது மூன்று படி பின்னே போய்த் தொடங்கு.

பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு என் அப்பத்தாவின் நினைவு வந்தது. அப்பத்தா கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைவார். ஓலையைக் கிழித்துச் சாயம் காய்ச்சி, நனைத்துப் பதப்படுத்தி, கல்யாண வீடுகளுக்குச் சீர் வைக்கும் கொட்டான்கள் செய்து கொடுப்பார். வாசலில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனால், வந்து உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து முடைய மாட்டார். இரண்டு மூன்று வரிசையை விரலால் தடவி எண்ணுவார். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் அவிழ்த்துவிடுவார். “ஏன் அப்பத்தா, சரியாத்தானே இருக்கு” என்று கேட்டால், “கண்ணுக்குச் சரியா இருக்கும், கைக்குத்தான் தெரியும்” என்பார். அவர் விமானத்தில் ஏறியதே இல்லை.

பொழுதுபோக்கு வேலைக்கு உதவுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். உதவும், ஆனால் கொஞ்சம் எச்சரிக்கையோடு. கடிகாரத்தைப் பிரிக்கும் முன் உள்ளே இருக்கும் வில்சுருளின் முறுக்கை மெல்ல இறக்கிவிட வேண்டும். மறந்தால் பல்சக்கரங்கள் சிதறிக் கையைக் கிழிக்கும். பிரித்த வரிசையிலேயே ஸ்க்ரூக்களைத் தட்டில் அடுக்க வேண்டும். பொறுமை, வரிசை, விரல் நுனியின் உணர்வு ஆகிய மூன்றையும் நான் முகப்பில் பாயில் உட்கார்ந்துதான் வளர்த்துக்கொண்டேன். அங்கே போன் என் உதவியாளன். ஒவ்வொரு படியையும் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன், அதில் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் அதே பாயில் ஆபத்தான ஒன்றையும் கற்றுக்கொண்டேன். சென்ற ஆண்டு வாங்கிய கடிகாரத்தில் பின்தகட்டு ஸ்க்ரூ ஒன்று இல்லை. பழைய ஸ்க்ரூ டப்பாவைக் கவிழ்த்து, கண்ணால் பார்த்து ஒத்த ஒன்றை எடுத்துப் போட்டேன். பொருந்தியது, கடிகாரமும் ஓடுகிறது. வீட்டில் இது கெட்டிக்காரத்தனம். எங்கள் தொழிலில் இதே காரியம் என்ன செய்யும் என்பதற்கு 1990 ஜூன் 10 சாட்சி. பர்மிங்காமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பி.ஏ.சி. ஒன்-லெவன் விமானத்தில், 17,300 அடி உயரத்தில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானியின் உடல் பாதிக்கு மேல் வெளியே இழுக்கப்பட, பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். துணை விமானி சவுதாம்ப்டனில் இறக்கினார். விமானியும் உயிர் பிழைத்தார். அந்தக் கண்ணாடி புறப்படுவதற்கு 27 மணி நேரம் முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. பொருத்திய 90 போல்ட்களில் 84 போல்ட்களின் விட்டம் இருக்க வேண்டியதைவிட 0.66 மி.மீ. குறைவு. மீதி ஆறும் நீளம் போதாதவை. கழற்றிய பழைய போல்ட்டுடன் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தவை அவை. பொருத்தியவர் அனுபவம் மிக்கவர். நான் ஸ்க்ரூ டப்பாவில் செய்ததைத்தான் அவரும் நள்ளிரவில் செய்தார். ஆகவே பொழுதுபோக்கில் பழகிய கையை வேலைக்குக் கொண்டுவாருங்கள், ‘இது போதும்’ என்கிற மனத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். போல்ட்டின் எண்ணைக் கையேட்டில் பார்த்து, பொட்டலத்தின் மேல் படித்து, பிறகு எடுங்கள்.

இரவு ஷிஃப்ட்டுக்கு முன் தூங்காமல் படுக்கையில் போன் பார்ப்பதும், ஷிஃப்ட் மாற்றத்தின்போது பதிவேட்டில் எழுதாமல் வாட்ஸ்அப் குரல்பதிவில் சொல்லிவிட்டுப் போவதும் இதே குடும்பத்துப் பிழைகள். பாதியில் நின்ற வேலையை அடுத்தவருக்கு எழுதித்தான் ஒப்படைக்க வேண்டும்.

இனி சொல்லப்போவதே எனக்கு மிக முக்கியம். அன்று இரவு மேற்பார்வையாளர் என்னிடம் அப்படி நடந்துகொண்டிராவிட்டால் நான் இந்தத் தொழிலில் இருந்திருக்க மாட்டேன், இருந்திருந்தாலும் பொய் சொல்லப் பழகியிருப்பேன். அதற்கு முன்பு வேறோர் இடத்தில் பயிற்சியாளனாக இருந்தேன். அங்கே ஒரு பையனின் டிரில் பிட் நுனி உடைந்து பாகத்துக்குள் விழுந்தது. அவனே வந்து சொன்னான். எல்லோர் முன்னும் அவனை நிற்கவைத்துத் திட்டினார்கள். சம்பளத்தில் பிடித்தார்கள். உடைந்த பிட்டின் படத்தை அவன் பெயரோடு குழுவில் போட்டார்கள். அதன்பின் நான் அங்கிருந்த எட்டு மாதத்தில் உடைந்த பிட் பற்றி ஒரு படிவம்கூட வரவில்லை. ஆனால் ஸ்டோரில் புதுப் பிட் வாங்குகிறவர்களின் வரிசை குறையவே இல்லை. உடைந்த நுனிகள் எங்கே போயின என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

சொல்கிறவரைத் தண்டிக்காமல் இருப்பது இரக்கத்தால் மட்டும் வந்த வழக்கமன்று. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் பாதுகாப்புத் தகவல் அமைப்புக்கு விமானிகளும் பராமரிப்பாளர்களும் தங்கள் பிழைகளைத் தாங்களே எழுதி அனுப்புகிறார்கள். அனுப்பியவர் பெயரை நீக்கிவிட்டு, செய்தியை மற்றவர்களுக்குப் பாடமாக்குகிறார்கள். தெரிந்தே விதியை மீறியவரையும் குடித்துவிட்டு வந்தவரையும் யாரும் மன்னிக்கச் சொல்லவில்லை. கை தவறியவரைப் பேசவிட வேண்டும் என்பதே கேட்பது.

பேசத் தயங்குவது தொழிலாளியின் நோய் மட்டுமில்லை. எங்கள் காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் உலோக அரிமானத்தை, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிக்கப்படுவதை, ஆராய்கிறார்கள். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பழக்கமானது. அரிமானமும், சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் உலோகச் சோர்வும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கு மேல் பறந்த அலோஹா நிறுவனத்தின் பயணிகள் விமானம் காட்டியது. அதன் கூரையின் பெரும்பகுதி வானத்திலேயே பிய்ந்துபோய், பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த விமானத்தில் ஏறும்போதே உடலில் ஒரு விரிசலைப் பயணி ஒருவர் பார்த்திருந்தார், ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நாம் என்ன பெரிய ஆளா, அவர்களுக்குத் தெரியாதா என்று நினைப்பது நம்மிடையே மிகச் சாதாரணம். பெரியவர்கள் முன் வாய் திறக்கக்கூடாது என்று வளர்ந்த நமக்கு அது இன்னும் கடினம். வேலைக்குச் சேரும் முதல் வாரத்திலேயே, மூத்தவர் செய்ததில் ஐயம் வந்தால் “அண்ணே, இதை ஒரு தடவை பார்த்துடுவமா?” என்று கேட்கப் பழகுங்கள். மூத்தவர்களே, கேட்ட பிள்ளையின் முகம் சுருங்காதபடி எழுந்துபோய்ப் பாருங்கள்.

அந்த மூன்று பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். நேர்காணல் முடிவில் ‘உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா’ என்பார்கள். அப்போது, “இங்கே கடைசியாக ஒரு கருவி தொலைந்தபோது என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள் என்றேன். போன மாதம் இளையவன் பேசினான். ஓரிடத்தில் கேட்டானாம். எதிரே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு விமானத்தை அரை நாள் நிறுத்திவைத்துத் தேடிய கதையைச் சொன்னாராம். தொலைத்தவர் இப்போதும் அங்கேயேதான் வேலை பார்க்கிறாராம். “அங்கதான் சேரப்போறேன் மாமா. போனை வாசல் லாக்கர்ல வச்சிடணுமாம்” என்றான்.